சீல் வைத்த கவர்

சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கமிஷனர் துணை கமிஷனருக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் அதை இன்ஸ்பெக்டர் தலையில் கட்டினார். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"இனிமே இந்தச் சாட்சிக்கு நீதான் பொறுப்பு. பாத்ரூம் போனாலும் கூடவே இருக்கணும்."

"யாருங்கய்யா அந்தச் சாட்சி?"

"எனக்கே தெரியாது. பேரு இந்த சீல் வச்ச கவருக்குள்ள இருக்கு. காவலுக்குப் போறவன்தான் பிரிக்கணுமாம்."

"இதை நான் வேற யாருக்காவது மாத்தி விடலாமுங்களா?"

"உனக்குக் கீழ யாருய்யா இருக்கா?"

"போன மாசம் கமிஷனருக்கு ஒரு மனு போட்டேங்கய்யா. அதுக்குப் பதில்..."

"உன் மனுவைப் படிக்கிறதுதான் அவருக்கு வேலையா? கையெழுத்தப் போடு. அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சு, உன் வேலை போயிடும்."

கான்ஸ்டபிள் முணுமுணுத்தபடி சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து கவரைப் பிரித்தார். உள்ளே இருந்தது அவருடைய மனுவேதான். கடத்தல் கும்பலை நேரில் பார்த்ததால் தன் உயிருக்கு ஆபத்து என்று அவர் எழுதியிருந்தார். ஓரத்தில் கமிஷனரின் பச்சை மை: 'பாதுகாப்பு வழங்கலாம்.'

மாலையில் அவர் தன் முதல் அறிக்கையை எழுதினார்.

'சாட்சி பத்திரமாக இருக்கிறார். காவலுக்கு இருப்பவருக்குத்தான் பாதுகாப்பு தேவைப்படுகிறது.'