சத்தமில்லாத கண்ணாடி

குதிகால் தேய்க்கிற கல்லில் அவள் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாஸ்டல் குளியலறை காலியாக இருந்தது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் போகிறவர்களே கொஞ்சம் பேர்தான்.

தேய்க்கத் தேய்க்க வெள்ளையாக மாவு உதிர்ந்தது. அவளுடைய தோல்தான்.

வலிக்கவில்லை.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு இந்த செல்போன் கம்பெனிக்கு வந்தவள். பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு போனிலும் எல்லாப் பட்டனையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்க்கக் கூடாது, பார்த்தால் நேரமாகும். விரலுக்கு அடியில் ‘டிக்’ வர வேண்டும். வந்தால் நல்ல போன். அடுத்தது.

இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சூப்பர்வைசர் சொல்வார். சொன்ன சூப்பர்வைசர் போன மாதம் எதிர் கம்பெனிக்குப் போய்விட்டார்.

எதிர் கம்பெனி என்றால் நிஜமாகவே எதிரில். ரோட்டைத் தாண்டினால் அவர்கள் கேட். அங்கே பட்டனே கிடையாது, வெறும் கண்ணாடி. கடையில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். இவள் கம்பெனியிலும் அடித்துப் பிடித்து ஒரு கண்ணாடி போனைச் செய்து அனுப்பினார்கள். போனதெல்லாம் திரும்பி வந்தது.

இந்த வாரத்தோடு லைனை மூடுகிறார்கள். ஹாஸ்டலையும்.

ஊரில் மாமன் மகன் காத்திருக்கிறான்.

“வேலதான் இல்லன்னு ஆயிடுச்சே, இன்னும் என்னாடி சாக்கு?” என்று அம்மா போனில் கேட்டுவிட்டாள்.

சாக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. அதை யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

நேற்று எதிர் கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிற டெஸ்ட். மேசையில் ஒரு போன், அதன் கண்ணாடி முழுக்க வெள்ளைக் கட்டங்கள். தொட்டால் பச்சையாக வேண்டும். கட்டைவிரல்தான் கணக்கு, போன் வாங்குகிறவர்கள் அந்த விரலால்தான் தொடுவார்களாம்.

தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

அமுக்கினாள். இன்னும் அமுக்கினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். “அமுக்காதீங்கம்மா. தொட்டாப் போதும்.”

பிறகு அவள் விரலைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

“காய்ச்சுப் போயிருக்கு. இது விரல்னே கண்ணாடிக்குத் தெரியல. நாளைக்குத்தான் கடைசி நாள், வேணும்னா இன்னொரு தடவ வாங்க.”

அதனால்தான் இந்தக் கல்.

விரல் ரோஸ் நிறமானதும் நிறுத்தினாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

அதே மேசை. அதே கண்ணாடி.

தொட்டாள்.

கட்டம் பச்சையானது.

அடுத்ததும். அதற்கடுத்ததும். நிற்காமல் கடைசிவரை போனாள். கண்ணாடி முழுக்கப் பச்சை.

சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள்.

“செலக்ட் ஆயிட்டீங்க,” என்று போனைக் கையில் வாங்கப் போனவர் அப்படியே நிறுத்தினார்.

“என்னம்மா, ரத்தம் வருது. வலிக்கலையா?”

அப்போதுதான் அவளும் பார்த்தாள். பச்சைக்கு மேலே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிவப்பு ரேகை.

துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடியும் கட்டைவிரலை வைத்தாள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அமுக்கினாள்.

“வேல கெடச்சிருச்சும்மா. போதும், விடுங்க.”

அவள் விரலை எடுக்கவில்லை.

‘டிக்’ இன்னும் வரவில்லை.