அனுமதியற்ற நிறுத்தம்

விளையாட்டை நீக்கியாகிவிட்டது. லேப்டாப்பில் இடம் மட்டும் கூடவில்லை.

அவள் மறுபடி தேடினாள். சாயங்காலத்துக்குள் அலுவலக மென்பொருளை ஏற்றியாக வேண்டும். எதையோ ஒன்றை விளையாட்டு உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

காலையில்தான் நீக்கினாள். அப்பாவிடம் கேட்கவில்லை. நீக்கிவிட்டுச் சொன்னாள்.

"சரி தாயி" என்றார்.

பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கைத் துண்டில் சுற்றி பீரோ மேல் வைத்தார். பிறகு ஈசிசேரில் போய்ச் சாய்ந்துகொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்தது.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்றதும் பொழுது போகட்டும் என்று அந்த விளையாட்டை ஏற்றித் தந்தவளே அவள்தான். ஏதோ வெளிநாட்டு மலைச்சாலை. பனி, ஊசியிலை மரங்கள், ஒரு பேருந்து. தினமும் மூன்று மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார்.

மதிப்பெண் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே.

"இத்தன வருசம் பஸ் ஓட்டிட்டு, இதுல போயி ஃபெயிலாகுறீங்களேப்பா" என்று எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறாள். அவரும் சிரித்திருக்கிறார்.

கடைசியில் ஒரு கோப்புறை அகப்பட்டது.

உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டங்களின் கோப்புகள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் அறிக்கை, ஒரு படம்.

மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தாள். அழிக்கும் முன் ஒன்றைத் திறந்து பார்த்தாள். சும்மாதான்.

அனுமதியற்ற நிறுத்தம். இடம்: ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. கதவு திறந்திருந்த நேரம்: ஆறு நிமிடம். ஏறியவர்கள்: யாருமில்லை. அபராதம்: ஐம்பது புள்ளிகள்.

இன்னொன்றைத் திறந்தாள்.

ஒன்பதாவது வளைவு. ஆறு நிமிடம். யாருமில்லை.

தீபாவளியன்றும் அதேதான். அம்மாவின் திதியன்றும் அதேதான்.

படங்களிலும் மாற்றமில்லை. வளைவில் பேருந்து நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. வெளியே பனி.

அப்பாவுக்கு விளையாடத் தெரியவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அப்பா பஸ் ஓட்டிய மேலூத்து மலைச்சாலையிலும் ஒன்பதாவது வளைவு ஒன்று உண்டு. அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள், அதுவும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு.

பட்டப்பகல். பாம்பு கடித்த மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் அந்த வளைவில் நின்று கை காட்டினான். அங்கே பஸ் நிறுத்தம் கிடையாது. வேறு நாளென்றால் அப்பா நிறுத்தியிருப்பார். மலையில் கை காட்டினால் எல்லோரும் நிறுத்துவதுதான் வழக்கம். அன்று முன்சீட்டில், அப்பாவுக்கு இடப்பக்கம், செக்கர் உட்கார்ந்திருந்தார்.

அப்பா நிறுத்தவில்லை.

அடுத்த பஸ் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அது வந்தபோது அவன் கை காட்டவில்லை. அவசரம் தீர்ந்துபோயிருந்தது.

யாரும் அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. விதிப்படி அவர் செய்தது சரி.

நானூற்றுப் பன்னிரண்டு முறை நின்றிருக்கிறார். அத்தனை முறையும் அபராதம் வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள்.



அலுவலகம் கிடக்கட்டும் என்று விளையாட்டைத் திரும்ப ஏற்றினாள். அது ஏறும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பழைய பதிவுகள் உள்ளன, தொடரலாமா என்று கேட்டது. தொடரச் சொன்னாள். பீரோ மேலிருந்து ஸ்டீயரிங்கை இறக்கித் துண்டைப் பிரித்தாள்.

"அப்பா, வாங்க. மூணு மணியாச்சு."

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இனிமேலாவது கூட இருக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் வளைவு. இரண்டாவது. அவர் ஓட்டுவதை அவள் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு குலுக்கல் இல்லை. தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்ளாதபடி திருப்பினார், காலிப் பேருந்தில்.

ஆறு. ஏழு.

எட்டைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. கால் பிரேக் மேல் போனது.

அப்பா ஓரக்கண்ணால் இடப்பக்கம் பார்த்தார்.

காலை எடுத்துக்கொண்டார். பேருந்து மறுபடி வேகம் பிடித்தது.

அப்போதுதான் அவள் தன் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று பார்த்தாள். அப்பாவுக்கு இடப்பக்கம்.

ஒன்பதாவது வளைவு இன்னும் வரவில்லை. சட்டென்று எழுந்தாள்.

"டீ போட்டுட்டு வாரேன்ப்பா. கொஞ்சம் நேரமாகும். நீங்க பாத்து ஓட்டுங்க."

போகும்போது நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுக்களையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் காது கொடுத்து நின்றாள். இன்ஜின் சத்தம் இறங்கியது. பிரேக் சீறியது. கதவு திறந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பால் பொங்கி வர, தீயைக் குறைத்தாள்.

ஆறு நிமிடம் ஆனது. ஏழு. எட்டு.

கதவு மூடும் சத்தம் வரவில்லை.

டீத்தூள் டப்பாவைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவளும் காத்திருந்தாள்.