பள்ளியடியில் நின்ற உறுமல்

அஸர் தொழுகை நேரத்தில் அந்த ஆயிரம் சிசி பைக்கின் உறுமல் சாய்ந்தமருதுப் பள்ளிவாசலடியில் நின்றது. சற்றுக் கழித்து மறுபடி கிளம்பி, வீட்டு வாசலைக் கடந்து போனது.

"போறது உங்கட மகன்தான்," என்றாள் மனைவி பல்கீஸ். "இந்த பைக்க வாங்கினா என்ட முகத்தில முழிக்காத எண்டு ஏசினீங்க. எண்டாலும் அவன் வாசலால போறத விடல்ல."

பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து வீடு திரும்பியிருந்த அச்சிமுகம்மது, முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"என்ட மகன் றுமைஸ் பள்ளியடியில ஒருநாளும் எஞ்சின நிப்பாட்டினதில்ல, புள்ள. தொழுகைக்க சத்தம் எண்டு ஊரே என்னப் பேசினது அதுக்குத்தானே. இவன் நிப்பாட்டித் தள்ளிக்கொண்டு வாறான்."

பல்கீஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மகனின் பைக்கை விலைக்கு வாங்கிய பொடியனிடம், தினமும் ஒருதரம் இந்த வழியால் போகச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள். பள்ளியடியில் எஞ்சினை நிறுத்தாதே என்று சொல்லி வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ளயா என்ட மகன் மௌத்தாப் போனான்?"

"ஓம், அடக்கமும் முடிஞ்சிட்டு," என்றாள் அவள்.

அச்சிமுகம்மது வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நாளைக்கும் அந்தப் பொடியன வரச் சொல்லு. பள்ளியடியில எஞ்சின நிப்பாட்ட வேணாம் எண்டும் சொல்லு."