கை நீட்டியவன்

வாசலில் பாவோராவின் தலை தெரிந்ததுமே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

என் மகன் ஹோஹெபாவை ஆஸ்திரேலியாவுக்கு, மீன்பிடிப் படகு வேலைக்கு, இழுத்துக்கொண்டு போனவன் இவன்தான். என் அடுக்களையில் உட்கார்ந்து, நான் பொரித்த ரொட்டியைத் தின்றுகொண்டே, பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவருவதாகச் சொன்னவன்.

இப்போது படகு கவிழ்ந்து, என் பிள்ளை பெட்டிக்குள் கிடக்கிறான். இவன் இரண்டு காலில் நடந்து வருகிறான்.

அதைக்கூட விடுங்கள். பிணத்தோடு கூட வரவில்லையே. செத்தவரை நாங்கள் ஒரு நிமிடம் தனியாக விடமாட்டோம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்போம், திட்டுவதாக இருந்தாலும். என் பிள்ளையோ விமானத்தில் சரக்கோடு சரக்காகத் தனியாக வந்து சேர்ந்தான். போலீஸ் விசாரணை என்று இவன் அங்கேயே தங்கிவிட்டான். விசாரணையாம்.

எங்கள் குலத்தார் கூடும் பொதுமனையான மராயின் கூடத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். தலையில் துக்கத்துக்குச் சூடிய இலை வளையம். அவன் என்னிடம் வந்து குனிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நெற்றியோடு நெற்றி, மூக்கோடு மூக்கு வைத்து, இருவரும் ஒரே மூச்சை இழுத்தால்தான் வந்தவன் எங்கள் ஆள். சபையில் அதை மறுத்தால் அவன் குடும்பத்துக்கும் என் குடும்பத்துக்கும் அத்தோடு முறிந்தது.

முறியட்டும்.

பேச்சுகள் முடிந்தன. பாட்டும் முடிந்தது. வந்தவர்கள் எங்கள் வரிசையை நோக்கி நடந்தார்கள்.

வரிசையின் முதல் ஆள் தியோபிரா மாமா. எங்கள் எல்லோருக்கும் பெரியவர். ஊன்றுகோலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, பாவோராவின் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீட்டினார்.

பாவோரா பின்னால் நகர்ந்தான். கையை நீட்டினான்.

கை! வேலை கேட்டுக் கம்பெனி வாசலில் நிற்கிறவன் மாதிரி.

மாமா நீட்டிய முகம் நீட்டியபடியே நின்றது. பிறகு, பெரிய மனிதர் அல்லவா, அந்தக் கையை வாங்கிக் குலுக்கினார்.

அடுத்து என் தம்பி. அவனுக்கும் கை. தம்பி பெண்டாட்டி முகத்தைக் கொண்டுவருவதற்குள் அவளுக்கும் கை.

"சளி கிளி பிடிச்சிருக்கோ என்னவோ" என்றது யாரோ ஒரு நல்ல மனசு.

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆஸ்திரேலியாக் காத்து பட்டதும் மூக்கு வெள்ளைக்கார மூக்காயிடுச்சு" என்றாள் என் அக்கா எரானா, எனக்குப் பின்னாலிருந்து, கூடத்துக்கே கேட்கும்படி.

அவனுக்கும் கேட்டது. காது சிவந்தது. உதட்டை இறுக்க மூடிக்கொண்டு அடுத்தவருக்குக் கையை நீட்டினான்.

அவனுக்குப் பின்னால் அவன் அம்மா வந்தாள். மகன் செய்ததற்கும் சேர்த்து ஈடுகட்டுகிறவளைப் போல ஒவ்வொருவரிடமும் நெடுநேரம் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏர்போர்ட்ல எனக்கே கையத்தான் குடுத்தான்" என்று என் தம்பியிடம் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

பெற்றவளுக்கே கையா? நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். என் பஸ்ஸில், கடைசி சீட்டில், என் மகனோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்த பயல் இவன். எங்கிருந்து வந்தது இந்தத் திமிர்? மறுக்கவேண்டியவள் நான். என் பிள்ளையின் பெட்டிக்கு முன்னால் இவன் எங்களை மறுக்கிறான்!

முகத்தைத் திருப்புவதெல்லாம் இனிப் போதாது. அந்தக் கை என்னிடம் நீளட்டும் என்று காத்திருந்தேன்.

வரிசை முடிந்தது. அவன் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டான். ஹோஹெபாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் தொடவில்லை. பிறகு முழங்காலாலேயே என் பக்கம் திரும்பினான்.

"எங்கடா உன் கை?" என்றேன். "எல்லாருக்கும் நீட்டினியே, எனக்கும் நீட்டு. வெட்டி இந்தப் பெட்டியிலயே போடறேன்."

கை நீளவில்லை. இரண்டு கைகளும் தொடைமேலேயே கிடந்தன.

"வேற படகுக்காரங்க எங்க ரெண்டு பேரையும் தண்ணியிலேருந்து தூக்கி அவங்க படகுல போட்டாங்க அத்தை. நான் அவன் வாயில வாய் வெச்சு ஊதினேன். ஊதிட்டே இருந்தேன். ஒரே ஒரு தடவை மூச்சைத் திருப்பி விட்டான், நேரா என் வாய்க்குள்ள. அப்புறம் விடவே இல்ல."

எனக்குப் பின்னாலிருந்த எரானா முழங்காலில் எழுந்து அவனை எட்டிப் பார்த்தாள்.

"அது உங்களுக்குச் சேரவேண்டியது. வழியில வேற யாருக்கும் குடுத்துடக் கூடாதுன்னுதான்... எங்கம்மாவுக்குக்கூடக் குடுக்கல."

என் கோபம் எங்கும் போய்விடவில்லை. கூட்டிக்கொண்டு போனவன் இவன்தான். அது இன்றைக்கும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான். நாளைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

அவன் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். மூக்கோடு மூக்கை அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்தேன்.

வெளியே விட மனம் வரவில்லை.