வீட்டு ஆள் துணி

மாமனார் காலமான பிறகு, அவருடைய பழைய காரை நம்பி விட ஓர் ஒர்க்‌ஷாப் தேடி மருமகன் ஏறி இறங்காத இடமில்லை. வண்டியின் வயதைக் கேட்டதுமே ஒருவர் இன்ஜினையே மாற்றச் சொன்னார். இன்னொருவர் காயலான் கடைக்கு வழி சொன்னார்.

இருந்தவரை மாமனார் அவனை பானட்டைத் தொடவிட்டதில்லை. பேட்டரி ஆடாமலிருக்க இடுக்கில் துணி செருகுவார். அதுவும் மாமியார் துணி, மகள் துணி மட்டும்தான். "வீட்டு ஆள் துணிதான் இதுக்கு ராசி" என்பார். மருமகன் ஒருமுறை ஆசையாய் நீட்டிய பனியன் தரை துடைக்கப் போனது.

கடைசியாகக் கிடைத்த மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார்.

"இத யாரு சார் பாத்துக்கிறாங்க?"

"யாரும் இல்லையே. மாமா போனதுலேருந்து ஷெட்டுலதான் கிடக்கு. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன்."

"ஆயில் தேன் மாதிரி இருக்கு. கிரீஸ் இன்னும் காயல. எனக்கு இதுல வேலையே இல்ல. பாக்குறவர்கிட்டயே விட்டுருங்க." பேட்டரி இடுக்கைக் காட்டினார். "இந்தத் துணிகூடப் புதுசு."

நீலக் கட்டம் போட்ட துணி.

பேண்ட்டுக்குள் செருகியிருந்த சட்டையை அவன் மெல்ல வெளியே இழுத்தான். அதே நீலக் கட்டம். எலி கடித்துவிட்டதென்று போன வாரம் மனைவி புலம்பிய இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குத் துணி இல்லை.

"எடுத்துரட்டுமா சார்?"

"வேணாம்" என்றான். "வீட்டு ஆள் துணிதான்."