ஒரு மில்லிமீட்டர் வளையம்

"ஸ்க்ரூவத் தொடாதீங்க பாஸ். கியருக்குப் பின்னால வளையம் போடுங்க." சைக்கிள் திருத்தும் பாஸுக்கு வேலை சொல்லிக் கொடுக்காதே என்று அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டேன். பிலிமத்தலாவைக் கடையின் தகரக் கூரையில் மழை விழுகிறது. என் சைக்கிள் தலைகீழாய் நிற்கிறது. பழைய பின்சக்கரச் சில்லோடு சத்தமில்லாமல் ஓடும் கியர், மாற்றுச் சில்லைப் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஹந்தானை மலைச் சைக்கிள் போட்டியில் டயர் வெடித்தால், சில்லை மாற்றிய கையோடு நான் ஏறி மிதிக்க வேண்டும். அளந்துவிட்டேன், மாற்றுச் சில்லில் கியர் ஒரே ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. மூக்கையா பாஸ் கியர் மாற்றியின் ஸ்க்ரூவைத்தான் திருகுகிறார். "இப்பப் பாரு, மாத்துச் சில்லு பூவா ஓடுது." "இனிப் பழசு அரைக்கும்." "அப்ப வா, திருப்பித் திருகித் தாறேன். கெம்பஸ்ல சைக்கிளும் படிச்சியா தங்கச்சி?" பெஞ்சில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பால்மா டின்னுக்குள் பழைய கியர் வளையங்கள் மினுங்குகின்றன. கை நீட்டுகிறேன், அவர் கிரீஸ் விரல்களால் டின்னை மூடுகிறார். கம்பளையில் வளையமும் விற்கிறார்கள், கியர் கழட்டும் சாவியும் விற்கிறார்கள். சைக்கிளை நிமிர்த்தி, பழைய சில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பளைக்குப் போக மழைக்குள் இறங்குகிறேன்.