அடுத்த மாதம் அக்காவுக்கு

"டைமிங் பெல்ட் மாத்தி எவ்வளவு நாளாச்சு மேடம்?"

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக் கேட்டார். அவள் யோசித்தாள்.

"அப்பா இருந்தப்போ மாத்தினது. ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"அப்போ மாத்திடுங்க. வண்டி கொஞ்சமாத்தானே ஓடியிருக்குன்னு நினைக்காதீங்க. அது ரப்பர். சும்மா நின்னாலும் வயசாகும்."

"பார்த்தா தெரியாதா?"

"மூடிக்குள்ள இருக்கு, பிரிச்சாதான் தெரியும். பிரிக்கிறதுதான் பெரிய வேலை. அவ்வளவு தூரம் பிரிச்சுட்டா புதுசு போட்டுடறதுதான் நல்லது. அறுந்துச்சுன்னா ஓடிட்டிருக்கிற வண்டி அப்படியே நின்னுடும். என்ஜினும் போயிடும். முன்கூட்டி ஒரு சத்தம்கூட வராது."

மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. அவள் அதைத்தான் நினைத்தாள்.

"இப்ப வேண்டாம். ஆயில் மட்டும் மாத்திக் குடுங்க."

அப்பா விட்டுப்போன கார் அது. அவளுக்கும் அக்காவுக்கும் பொது. ஒரு மாதம் இவள் வீட்டில், மறுமாதம் அக்கா வீட்டில். யார் கையில் இருக்கும்போது எது போகிறதோ, அவர்களே அதைப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. பேசிய நாளிலிருந்து எல்லாமே இவள் கையில்தான் போனது. டயர் போனது. பேட்டரி போனது. மழைக்காலம் தொடங்கிய அன்றைக்கு வைப்பர் போனது. அக்காவோ, பெட்ரோல் முள் படுத்துவிட்ட பிறகுதான் வண்டியைத் திருப்பிக் கொடுப்பாள்.

மகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த கணவர் விஷயத்தைக் கேட்டதும் சொன்னார். "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"அவளுக்கும் மெக்கானிக் இருக்கார். அவர் சொல்லுவார்."

"சொல்லலைன்னா?"

"ஒரு தடவையாவது அவ மாசத்துல ஏதாவது வரட்டுமே. எப்பவும் நானேதானா?"

அவர் மகளின் போர்வையை இழுத்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது அவளுக்கு வசதியாக இருந்தது. கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது.

முதல் தேதி அக்கா வந்தாள். வந்ததும் காரை ஒரு சுற்று சுற்றினாள்.

"இந்தக் கீறல் போன தடவை இல்லையே."

"பார்க்கிங்ல யாரோ உரசிட்டாங்க."

"பார்த்து நிறுத்தக் கூடாதா?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். சாவியை நீட்டினாள். அக்கா கிளம்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடமிருந்து போன். அம்மா இருப்பது அக்கா வீட்டில்.

"நாங்க மலைக்குப் போயிட்டிருக்கோம்டி. வளைஞ்சு வளைஞ்சு போகுது. கீழே பார்த்தா தலை சுத்துது."

"எந்த வண்டியிலம்மா?"

"உங்க அப்பா வண்டிதான். அக்கா நல்லாத்தான் ஓட்டறா..."

குரல் விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றே போனது.

அவள் திரும்பக் கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. அக்கா நம்பரும் அப்படியே.

"மலையில சிக்னல் இருக்காது," என்றார் கணவர்.

அது அவளுக்கும் தெரியும். ஆனால் கை நிற்கவில்லை. அழுத்தினாள், காதில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி அழுத்தினாள். ஏற்றத்தில் என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாக இறுகும். பிரேக் சட்டென்று பிடிக்காது. பக்கத்தில் அம்மா. ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கீறலைப் பற்றிப் பேச நேரம் இருந்ததே.

மதியம் வரை பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"டாக்ஸிக்குச் சொல்லுங்க. நான் போறேன்," என்றாள்.

ஒரு காலில் செருப்பை மாட்டியபோது போன் அடித்தது. அக்கா.

"என்னடி, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? இப்பதான் சிக்னலே வந்துச்சு. சாப்பிட்டுட்டு இருக்கோம்."

"வண்டியை எடுக்காதே அக்கா. அங்கேயே இரு. நான் டாக்ஸி பிடிச்சு வரேன்."

"என்ன ஆச்சு? அழறியா?"

"டைமிங் பெல்ட் அக்கா. மாத்தணும்னு மெக்கானிக் போன வாரமே சொன்னார். நான் உன்கிட்ட சொல்லலை. மறந்துபோய் இல்லை. வேணும்னேதான் சொல்லலை."

திட்டு விழும் என்று அவள் காத்திருந்தாள். விழுந்தால் தேவலை என்றிருந்தது.

"அதை மாத்தியாச்சு," என்றாள் அக்கா.

"எப்போ?"

"போன மாசம் உன்கிட்ட வண்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடியே."

ஒற்றைச் செருப்போடு அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எந்த முகத்தோட சொல்றது? எங்க மெக்கானிக் சொன்னப்போ நானும் உன்னை மாதிரிதான் நினைச்சேன். மாசம் முடியப் போகுது, அவ தலையில விழட்டும்னு. வண்டியை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்குக் கிளம்பியும் வந்துட்டேன்."

"அப்புறம்?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"டிராஃபிக் சிக்னல்ல நின்னப்போ பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். உன் பொண்ணு எப்பவோ கழட்டிப் போட்ட ஒத்தைச் சாக்ஸ் கிடந்துச்சு. வண்டியைத் திருப்பிட்டேன்."